அட்டெண்டரா, தன்னார்வலரா, அம்மாவா? ஸ்ட்ரோக் வந்தவரை வீட்டில் யார் பார்ப்பது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 68 வயது. மூன்று மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் வராமல் போய்விட்டன, பேச்சும் இல்லை. மூக்கில் டியூப், கீழே யூரின் பேக் என்று கும்பகோணம் பக்கத்தில் உள்ள சொந்த ஊருக்கே அழைத்து வந்துவிட்டீர்கள். அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வலி. நீங்கள் இருப்பது பெங்களூரில். 24 மணி நேர அட்டெண்டருக்கு ஏஜென்சிக்காரர் மாதம் 27,000 ரூபாய் கேட்கிறார். உங்கள் அண்ணன், “கேரளாவில் தன்னார்வலர்களே வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள், இங்கேயும் இருப்பார்கள், எதற்கு இவ்வளவு காசு?” என்கிறார். அம்மா, “யாரும் வேண்டாம், நானே பார்த்துக்கிறேன்” என்கிறார். மூன்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா உடம்பில் எந்த வேலையை யார் கையில் நம்பி விடுவது, இந்த ஏற்பாடு அம்மாவைப் படுக்கையில் தள்ளாமல் எத்தனை நாள் ஓடும் என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் நர்ஸ். முதலில் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தேன், அப்புறம் பல ஆண்டுகளாக வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கிறேன். டாக்டர் இல்லை. உங்கள் அப்பாவை நேரில் பார்க்கவும் இல்லை. அதனால் மருந்து பற்றியோ, எவ்வளவு தேறுவார் என்பது பற்றியோ ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். பராமரிப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதிலும் எது உறுதி, எது பழக்கத்தில் செய்வது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அண்ணன் சொன்ன கேரளா. அவர் சொல்வது பொய் இல்லை, பாதிதான். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் வலி நிவாரண சிகிச்சைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். புற்றுநோய் முற்றிய நிலையில் வலியோடு வீட்டில் கிடப்பவர்களை மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு பார்க்க முடியாது என்று தெரிந்ததும், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலப்புறம் பக்கம் அக்கம்பக்கத்து மனிதர்களையே பயிற்சி கொடுத்துச் சேர்த்தார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய எவரும் வரலாம். பதினாறு மணி நேர வகுப்பு, அப்புறம் குழுவோடு சேர்ந்து வீடுகளுக்குப் போய்ப் பழகுவது. 2008-இல் கேரள அரசு இதைக் கொள்கையாகவே அறிவித்தது, பஞ்சாயத்துகள் பாலியேட்டிவ் நர்ஸ்களை, அதாவது நாள்பட்ட நோயில் வலியையும் அவதியையும் குறைக்கும் நர்ஸ்களை, வைத்துக்கொண்டன. அங்கே டியூப் மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் நர்ஸ் வேலை. தன்னார்வலர் கூடவே வருவார், நோயாளியோடு பேசுவார், வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று பார்ப்பார், பராமரிக்கும் மனைவி சற்று நேரம் வெளியே போய்வர இடம் கொடுப்பார். தினமும் காலை ஆறு மணிக்கு வந்து உடம்பு துடைத்து டயப்பர் மாற்றுவது அந்த ஏற்பாட்டில் எந்தக் காலத்திலும் இல்லை. அது அங்கேயும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது, இல்லையென்றால் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதே வேலை பெரும்பாலும் அரசு வழியாக நடக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். அதே திட்டத்தில் வட்டாரத்துக்கு ஒரு பாலியேட்டிவ் நர்ஸ், ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வரும் ஏற்பாடும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. யாராவது பெயரைப் பதிந்தால்தான் வருவார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒருவர் நேரில் போக வேண்டும். உங்கள் தெருவுக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரைப் பிடித்தாலும் போதும். அவர் மகளிர் குழுவிலிருந்து எடுக்கப்பட்டவர், பிரஷர் பார்ப்பார், மாத்திரை கொடுப்பார், மேலே தகவல் சொல்வார். படுக்கைக்காரரைக் குளிப்பாட்டும் வேலையை அவரிடம் எதிர்பார்க்காதீர்கள். நர்ஸும் பிசியோவும் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்கள் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். தினமும் வர மாட்டார்கள், அது மட்டும் நிச்சயம். ஒரு வட்டாரத்தில் எத்தனை ஊர் என்று யோசித்தால் ஏன் என்று புரியும். ஆனால் மாதம் ஒருமுறை ஒரு நர்ஸ் வந்து முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போவதே பெரிய விஷயம், விடாதீர்கள்.

இப்போது ஏஜென்சி அட்டெண்டர். இங்கேதான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன, ஏஜென்சி ‘ஹோம் நர்ஸ்’ என்று அனுப்பும் ஆள் பெரும்பாலும் நர்ஸ் இல்லை என்பதால். நர்ஸ் என்றால் ஏ.என்.எம். என்னும் துணை நர்ஸ் படிப்பு இரண்டு ஆண்டு, டிப்ளமோ மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நான்கு ஆண்டு படித்து, தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்தவர். பதிவு எண் என்ன என்று ஒரு கேள்வி கேளுங்கள், போனிலேயே தெரிந்துவிடும். அட்டெண்டராக வருபவர் சில வாரப் பயிற்சி எடுத்திருக்கலாம், எதுவுமே எடுக்காமல் பத்து வீட்டில் வேலை பார்த்துப் பழகியவராகவும் இருக்கலாம். இரண்டாவது வகையில் கைதேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நோயாளியைத் திருப்புவதில், வாய் சுத்தம் செய்வதில் வார்டு நர்ஸ்களையே மிஞ்சுவார்கள். ஆனால் மூக்கு டியூப் போடுவது, யூரின் டியூப் மாற்றுவது, ஊசி போடுவது, ஆழமான புண்ணைச் சுத்தம் செய்வது இவர்கள் வேலை இல்லை. “நான் ரொம்ப வருஷமா போட்டுட்டு இருக்கேன்மா” என்று சொன்னாலும் விடாதீர்கள். தவறான இடத்தில் போன டியூப் நுரையீரலுக்குள் கஞ்சியை ஊற்றிவிடும். டியூப் வெளியே வந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போவது, இல்லையென்றால் பதிவு பெற்ற நர்ஸை வரவழைப்பது என்று முதல் நாளே பேசி, அந்த நர்ஸின் நம்பரைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

டியூப் வழியாகச் சாப்பாடு கொடுப்பதை அம்மாவும் அட்டெண்டரும் இருவருமே கற்றுக்கொள்ள வேண்டும். எப்படி என்று சற்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் நடக்கும் ஆபத்துகளில் பெரியது இதில்தான் இருக்கிறது. தலைப்பக்கம் குறைந்தது 30 டிகிரி, முடிந்தால் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். தலையணை இரண்டை அடுக்கினால் கழுத்து மட்டும்தான் மடியும், கட்டிலையே உயர்த்த வேண்டும். டியூப் மூக்கில் நுழையும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருப்பார்கள், இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேளையும் அந்தக் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், வாயைத் திறந்து உள்ளே டியூப் சுருண்டு கிடக்கிறதா என்றும் பாருங்கள். சிரிஞ்சில் காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்டுப் பார்ப்பது நம் ஊரில் பழக்கம். அதை மட்டும் நம்பக்கூடாது, நுரையீரலில் டியூப் இருந்தாலும் அதே போன்ற சத்தம் கேட்கலாம். சந்தேகம் என்றால் எக்ஸ்ரேதான். அப்புறம் 50 மில்லி சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, குழலை மட்டும் டியூபில் மாட்டி, அவர் நெஞ்சுக்கு ஓர் அடி மேலே பிடித்து, முதலில் கொஞ்சம் தண்ணீர், அப்புறம் வடிகட்டிய கஞ்சி. தானாக இறங்க வேண்டும், தண்டை வைத்து அமுக்கக்கூடாது. ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, அவசரமில்லாமல். முடிந்ததும் மறுபடி தண்ணீர் விட்டு டியூபைக் கழுவ வேண்டும். அதன் பிறகு ஒரு மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். நடுவில் இருமல் வந்தாலோ மூச்சு மாறினாலோ உடனே நிறுத்த வேண்டும். மாத்திரைகளில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்டிருப்பவை மெதுவாக மருந்தை விடுபவை, அவற்றைப் பொடி செய்யக்கூடாது. எதைப் பொடி செய்யலாம் என்று டாக்டரிடம் ஒரே தடவையாகக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

இதில் பார்க்க வருகிற சொந்தக்காரர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். “பாவம், நாக்கு செத்துப்போயிருக்கும், ஒரு வாய் காபி” என்று ஸ்பூனில் கொடுப்பவர்கள், பெருமாள் தீர்த்தம் என்று வாயில் விடுபவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. விழுங்கும் சக்தி சோதிக்கப்படாதவருக்கு அந்த ஒரு ஸ்பூன் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். தீர்த்தத்தைத் தலையில் தெளிக்கச் சொல்லுங்கள்.

இதை ஒட்டி ஒரு முக்கியமான விஷயம். ஸ்ட்ரோக் வந்தவர்களில் பலருக்கு முதல் சில வாரங்களிலேயே விழுங்கும் திறன் திரும்பிவிடும். உங்கள் அப்பாவுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. டியூப் இன்னும் தேவையா என்று டிஸ்சார்ஜுக்குப் பிறகு யாராவது பரிசோதித்தார்களா? தேவைதான் என்றால், நான்கு வாரத்துக்கு மேல் வேண்டியிருப்பவர்களுக்கு மூக்கு டியூபுக்குப் பதில் வயிற்றில் நேராக வைக்கும் பெக் டியூபைப் பற்றி டாக்டர்கள் பேசுவது வழக்கம். இரண்டையும் கேளுங்கள். யூரின் டியூபுக்கும் இதே கதைதான். ஆஸ்பத்திரியில் முதல் நாள் போட்டது, எடுக்க யாரும் சொல்லாததால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும் வீடுகள் ஏராளம். டியூபை எடுத்துவிட்டுத் தானாகப் போகிறதா என்று பார்க்கலாமா, ஆண் என்பதால் உறை போல வெளியே மாட்டும் காண்டம் கதீட்டர் போதுமா என்று கேளுங்கள். ஒவ்வொரு டியூபும் குறைந்தால் அட்டெண்டரிடம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியதும் அம்மா பயப்பட வேண்டியதும் அந்த அளவுக்குக் குறையும். ஆள் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. டியூப் இருக்கும் வரை, பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் கிடக்கக்கூடாது. திருப்பும்போது சிலர் பையைத் தூக்கி அவர் வயிற்றின் மேல் வைப்பார்கள், அதைப் பார்த்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பையில் சில மணி நேரமாக ஒன்றும் சேரவில்லை, அடிவயிறு உப்பியிருக்கிறது என்றால் அடைப்பு. காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.

படுக்கைப் புண். ஒரு வீட்டில் நல்ல பராமரிப்பு நடக்கிறதா என்று தெரிய, நான் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பு எலும்பு, குதிகால் மூன்றையும் பார்ப்பேன். சிவந்த இடத்தை விரலால் அமுக்கி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும், வெளுக்கவே இல்லை என்றால் உள்ளே தோல் கெட ஆரம்பித்துவிட்டது. புத்தகத்தில் இப்படித்தான் இருக்கும், ஆனால் நம்மைப் போன்ற கருத்த தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். அதனால் தொட்டுப் பார்க்க வேண்டும்: அந்த இடம் மட்டும் சூடாக இருக்கிறதா, கல் போல இருக்கிறதா, பக்கத்துத் தோலை விடக் கருத்திருக்கிறதா. அப்படி இருந்தால் அந்தப் பக்கம் படுக்கவே விடக்கூடாது. தேய்த்துவிடுவது, நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தை அடியில் வைப்பது இரண்டும் கெடுதல். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்று எல்லோரும் சொல்வோம், நானும் அப்படித்தான் கற்றுக்கொடுக்கிறேன். ஆனால் அந்த இரண்டு என்ற எண் கல்வெட்டு இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் 942 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2013-இல் வெளிவந்தது. நல்ல தரமான ஃபோம் மெத்தை இருக்கும்போது இரண்டு, மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பியவர்களுக்குள் புண் வருவதில் வித்தியாசம் தெரியவில்லை. அங்கே பயிற்சி பெற்ற ஆட்கள் தோலைத் தவறாமல் பார்த்தார்கள், ஆய்வும் மூன்று வாரம்தான் ஓடியது. நம் வீட்டுப் பஞ்சு மெத்தைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. என் கருத்து: பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை, ஏர் பெட் (மோட்டாரால் காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தை) ஓடிக்கொண்டிருக்கும் இரவில் மூன்று மணிக்கு ஒருமுறை, காலையில் தோல் சுத்தமாக இருந்தால் அப்படியே தொடரலாம். அம்மா தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்குவது இதில் பெரிய லாபம்.

திருப்புவதற்கு அம்மாவின் பலம் தேவையில்லை, ஒரு பழைய பருத்திச் சேலை போதும். நான்காக மடித்து அவர் தோள்பட்டையிலிருந்து தொடை வரை அடியில் விரித்து வையுங்கள். ஆள் இருவர், கட்டிலின் இரு பக்கமும். சேலையின் ஓரத்தை உடம்புக்கு ஒட்டினாற்போல் சுருட்டிப் பிடித்து, ‘ஒண்ணு, ரெண்டு’ சொல்லி ஒரே நேரத்தில் தூக்கி, ஓரமாக நகர்த்தி, அப்புறம் ஒருக்களிக்க வேண்டும். இழுத்தால் தோல் மெத்தையில் உரசிக் கிழியும், தூக்கி நகர்த்த வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால் குனிந்து குனிந்து அம்மாவின் இடுப்பு போகும். கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள், ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்கு எடுங்கள், தலைப்பக்கம் உயர்த்தும் பிரச்சினையும் சேர்ந்து தீரும். வலது கையைப் பிடித்து அவரை எழுப்பி உட்கார வைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். செயலிழந்த பக்கத் தோள் மூட்டைத் தசை தாங்காது, ஒரு இழுப்பில் நழுவும், அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். பிசியோ செய்ய வருபவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள், அப்பாவால் பேச முடியாததால் ‘வலிக்குது’ என்று அவரே சொல்ல முடியாது. உட்காரும்போதும் படுக்கும்போதும் அந்தக் கைக்கு அடியில் ஒரு தலையணை.

பிசியோதெரபிஸ்ட் தினமும் வர வேண்டுமா, நாங்களே கற்றுக்கொண்டு செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இதற்கு இந்தியாவிலேயே ஒரு பெரிய சோதனை நடந்திருக்கிறது. நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் 1,250 ஸ்ட்ரோக் நோயாளிகளை எடுத்து, ஒரு பாதியினரின் குடும்பத்தாருக்குப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னார்கள். மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் சேர்த்து இரண்டு பக்கமும் 47 சதவீதம். 2017-இல் வெளியான முடிவு இது. இதைப் படித்துவிட்டு ‘எதுவுமே செய்ய வேண்டாம்’ என்று நினைக்காதீர்கள். குடும்பம் கற்றுச் செய்யும் பயிற்சி மட்டுமே பெரிய முன்னேற்றத்தைக் கொண்டுவரும் என்பது நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான். மூட்டு இறுகாமல் இருக்க, வலி வராமல் இருக்க கைகால்களை மெதுவாக மடக்கி நீட்டுவது இன்னமும் நல்லதுதான். நான் சொல்ல வருவது அம்மாவின் மனசுக்காக. “நான் சரியா பயிற்சி கொடுக்கலை, அதனாலதான் அவருக்குக் கை வரலை” என்று அழும் மனைவிகளைப் பார்த்திருக்கிறேன். அது அவர் குற்றம் இல்லை என்று இப்போதே சொல்லிவிடுங்கள். வாரம் ஒன்றிரண்டு முறை பயிற்சி பெற்ற பிசியோ வந்து பார்த்து, வீட்டில் என்ன செய்வது என்று மாற்றிக் கொடுத்தால் போதும் என்பது என் அனுபவம். பிசியோ வந்தால் அப்பாவை உட்கார வைக்க, நிற்க வைக்க முயல வேண்டும். சும்மா பத்து நிமிடம் கரண்ட் வைத்துவிட்டுப் போகிறவர் என்றால் ஆளை மாற்றுங்கள்.

இனி அம்மா. “நானே பார்த்துக்கிறேன்” என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1999-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. நோயுற்ற கணவனையோ மனைவியையோ பராமரித்து, அதில் தாங்க முடியாத சுமையை உணர்ந்த முதியவர்கள், அப்படிப் பராமரிக்கும் வேலை இல்லாதவர்களை விட நான்கு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு 63 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். பராமரிப்பே கொன்றது என்று இது நிரூபிக்கவில்லை. அவர்கள் முன்பே நலிந்தவர்களாக இருந்திருக்கலாம், ஊரும் வேறு. ஆனால் பராமரித்தும் சுமை தெரியாதவர்களுக்கு அந்த ஆபத்து கூடவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அதனால் அம்மா கவனிப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர் கை எதில் இருக்க வேண்டும் என்று பிரிக்கச் சொல்கிறேன். சாப்பாடு கொடுப்பது, முகம் துடைப்பது, பேசுவது, எதிரே உட்கார்ந்து சாமி கும்பிடுவது எல்லாம் அம்மாவிடம் இருக்கட்டும். மலம் துடைப்பது, தூக்குவது, இரவு விழிப்பது மூன்றும் அவரிடமிருந்து போக வேண்டும். முழங்கால் வலி உள்ள 62 வயதுப் பெண் ஆறு மாதம் இரவில் எழுந்து எழுந்து ஓர் ஆணைத் திருப்பினால் வீட்டில் இரண்டு கட்டில் போட வேண்டி வரும்.

அதனால் ஆள் வையுங்கள் என்பதே என் பதில். ஆனால் 24 மணி நேர ஆள் என்று ஏஜென்சி விற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 24 மணி நேரம் விழித்திருக்கும் மனிதர் யாரும் இல்லை. அவர் இரவில் தூங்கத்தான் செய்வார், தூங்கவும் வேண்டும். என்ன நடக்கும் என்றால் பகல் முழுக்க அவரும் அம்மாவும் வேலை பார்ப்பார்கள், இரவில் அவர் தூங்க அம்மா எழுந்திருப்பார். நீங்கள் 27,000 கொடுத்தது எதற்காகவோ அது மட்டும் நடக்காது. உங்கள் ஊரிலேயே, அந்தப் பணத்தை இரண்டாகப் பிரித்து, காலையில் சில மணி நேரம் குளிப்பாட்டி உடை மாற்ற ஒருவர், இரவு எட்டு முதல் காலை ஆறு வரை ஒருவர் என்று தேடிப் பாருங்கள். ஆஸ்பத்திரி வார்டுகளில் வேலை பார்த்து நின்றவர்கள் கும்பகோணம் பக்கம் கிடைப்பார்கள். வார்டு சிஸ்டர்களிடம் விசாரித்தால் ஏஜென்சி இல்லாமலே கிடைக்கும், கமிஷன் போகாமல் முழுச் சம்பளமும் அவர் கைக்கே போகும். அப்படி ஆள் கிடைக்கவே இல்லை, ஏஜென்சிதான் கதி என்றால், 27,000-இல் அந்த ஆளுக்கு எவ்வளவு போகிறது, வார விடுமுறை உண்டா, அவர் ஊருக்குப் போனால் மாற்று ஆள் எத்தனை நாளில் வருவார் என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஆள் விஷயத்தில் இன்னும் சில. அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்ட ஆண் அட்டெண்டர்தான் நல்லது. உடல் பலம் ஒரு காரணம், பேச முடியாதவரின் கூச்சம் அதைவிடப் பெரிய காரணம். தமிழ் பேசுபவராக இருக்கட்டும். வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்கள் வேலையில் குறைந்தவர்கள் இல்லை, ஆனால் பேச்சு போனவருக்குக் காதில் விழும் மொழியும் தெரியாததாக இருந்தால் அவர் இன்னும் உள்ளே போய்விடுவார். ஆதார் நகல் வாங்கிக்கொள்ளுங்கள், போலீஸ் சரிபார்ப்பை ஆன்லைனிலேயே கேட்கலாம். நகை, பணத்தைப் பூட்டிவையுங்கள், அவரைச் சந்தேகப்பட்டு அல்ல, பின்னால் எது தொலைந்தாலும் அவர் மேல் பழி விழாமல் இருக்க. அப்புறம், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தனித் தட்டு, தனி டம்ளர், பின்வாசல் வழியாக வா, என்ன ஆளுங்க நீங்க என்ற விசாரிப்பு, இதெல்லாம் இருக்கும் வீட்டில் நல்ல ஆள் ஒரு மாதம் தாண்ட மாட்டார். அப்பாவின் மலத்தைத் துடைக்கும் கை நம் வீட்டு டம்ளரைத் தொடக்கூடாது என்று சொல்லும் குடும்பங்கள்தான் “ஆளே கிடைக்க மாட்டேங்குது” என்று அதிகம் புலம்புவதையும் பார்க்கிறேன்.

ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு சாப்பாடு, சிறுநீர் எவ்வளவு, மலம் போனதா, எந்தப் பக்கம் திருப்பியது, தோல் எப்படி. யார் செய்தாலும் அவரே எழுத வேண்டும். அதைத் தினமும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெங்களூரில் இருந்து நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான பராமரிப்பு இதுதான். மூன்று நாள் மலம் போகவில்லை என்பதை அம்மாவுக்கு முன் நீங்கள் கவனிப்பீர்கள். அறைக்குள் கேமரா வைப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. குளிப்பாட்டும் இடத்தில் படுத்திருப்பவரின் சம்மதம் யார் கேட்டது?

அண்ணன் சொன்ன தன்னார்வலர்களுக்கு இப்போது வருகிறேன். அவர்களுக்கு இடம் உண்டு, அதுவும் உங்கள் ஊரிலேயே. பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, பேச்சும் போனவரிடம் அது வெளியே தெரிவதே இல்லை. அப்பாவின் பழைய நண்பர், பக்கத்துத் தெரு ஓய்வு பெற்ற வாத்தியார், இப்படி நாலு பேர் வாரத்தில் ஆளுக்கொரு மாலை ஒரு மணி நேரம் வந்து உட்காரட்டும். பேப்பர் படித்துக் காட்டலாம். ஆமாம் என்றால் கட்டை விரல், இல்லை என்றால் கையை மூடு என்று இடது கையால் பதில் சொல்லப் பழக்கலாம். வருபவர் அவரைப் பார்த்துப் பேச வேண்டும், அவர் தலைக்கு மேலே அம்மாவிடம் “எப்படி இருக்கார்?” என்று கேட்கக்கூடாது. அந்த ஒரு மணி நேரம் அம்மா கோயிலுக்கோ கடைக்கோ போகட்டும். வருகிறவர்களிடம் “முடிஞ்சப்ப வாங்க” என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள். செவ்வாய் நீங்கள், வெள்ளி நீங்கள் என்று நாளைக் குறித்துக் கேட்டால் வருவார்கள். இந்த வேலையைச் சம்பளத்துக்கு வரும் எந்த ஆளும் நண்பர் அளவுக்குச் செய்ய முடியாது, நண்பரிடம் டயப்பர் மாற்றச் சொல்லவும் முடியாது.

பணத்துக்கு வழி. கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். பக்கவாதத்துக்குச் சான்றிதழ் மதிப்பீடு பொதுவாக ஆறு மாதம் கழிந்த பிறகுதான், ஆகவே இப்போதே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுத் தயாராக வைத்திருங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயர் ஆதரவு தேவைப்படுபவருக்குப் பராமரிப்பாளர் படி தரும் திட்டங்களை அரசு வகுக்க வேண்டும் என்று சொல்கிறது, அதையும் அங்கே கேளுங்கள். இந்தப் பணம் அட்டெண்டர் சம்பளத்தில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567, அரசு மருத்துவ ஆலோசனைக்கு 104. இரண்டும் இலவசம், இரவில் பதற்றமாக இருந்தால் 104-இல் பேச ஆள் உண்டு. மூச்சுத் திணறல் என்றால் அங்கே பேசிக்கொண்டிருக்காமல் நேராக 108.

அண்ணனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். அடுத்த ஓ.பி. நாளில் அவரே அப்பாவின் ரிப்போர்ட்டுகளோடு டாக்டரைப் பார்த்து, மூக்கு டியூபை எடுக்க விழுங்கும் பரிசோதனை எப்போது, யூரின் டியூப் இன்னும் எதற்கு என்று இரண்டையும் கேட்டு வரட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் யூரின் டியூப் போட்ட தேதியும் அது எந்த வகை என்பதும் இருக்கும். சாதாரண ரப்பர் டியூப் என்றால் மூன்று மாதம் மிக அதிகம், ஓ.பி. நாள் வரை காத்திருக்க வேண்டாம். அந்தத் தேதியைப் பார்த்து எழுதுங்கள், அதற்கு மேல் என்ன செய்வது என்று சொல்கிறேன்.